இரத்தம் தேறினால் நோய் தீர்ந்ததா?

"இரத்தம் நார்மல்" என்பதைப் போல் ஆறுதலான சொல் இல்லை. இரத்தப் புற்றுநோயில் அதைப் போல் ஆபத்தான சொல்லும் இல்லை என்பது என் கருத்து.

நான் ஈப்போவில் வளர்ந்தவன். சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டிய என் தாத்தா தலைமுறையினர், காய்ச்சல் விட்ட மறுநாளே பிரட்டுக்குப் போனவர்கள். படுத்தால் சம்பளம் இல்லை. உடம்பு எழுந்தால் நோய் போயிற்று. இதுவே அவர்கள் கணக்கு. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அந்தக் கணக்கு மட்டும் நம் வீடுகளில் மாறவில்லை.

நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கு இந்தக் கணக்கு உதவாது. 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்னும் தவறான மரபணு பிறக்கிறது. அதன் தூண்டுதலால் வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாதினிப் மாத்திரை அத்தூண்டுதலை அடக்குகிறது. சில வாரங்களில் வெள்ளணு எண்ணிக்கை இறங்கிவிடும். ஆனால், மரபணு அடங்கியதா என்பதை அது உருவாக்கும் ஆர்.என்.ஏ. படிகளை அளந்துதான் அறிய முடியும். மருத்துவர்கள் எதிர்பார்க்கும் அளவு 3 மாதத்தில் 10 விழுக்காடு, 6 மாதத்தில் 1, ஓராண்டில் 0.1. அதற்கு மேல் இருப்பின், ஆள் திடமாக நடமாடினாலும் நோய் உள்ளே விழித்திருக்கிறது என்றே பொருள்.

2010இல் இலண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையின் ஆய்வொன்று வெளிவந்தது. 87 நோயாளிகளின் மாத்திரைப் புட்டி மூடியில் மின்னணுக் கருவி பொருத்தி, எத்தனை முறை திறக்கப்பட்டது எனப் பார்த்தார்கள். 80 விழுக்காடோ அதற்கும் குறைவாகவோ மாத்திரை உண்டவர்களில் ஒருவருக்குக்கூட மரபணு அளவில் குணம் தெரியவில்லை.

"அப்படியானால் ஆயுள் முழுக்க மாத்திரையா?" என்று கேட்பீர்கள். அதே ஆண்டு வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில், ஈராண்டுக்கு மேல் அந்த மரபணு தென்படாமலிருந்த 100 பேர் மருத்துவர் கண்காணிப்பில் மருந்தை நிறுத்தினர். ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு ஓராண்டு கழித்தும் நோய் திரும்பவில்லை. ஆக, மருந்தைத் தொடரவும் நிறுத்தவும் வழிகாட்டுவது இந்த எண்தான். உடம்பின் தெம்பு அல்ல.

மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லப்படும் இந்த எண்ணை ஒரு தோட்டத்துப் பாட்டிக்கு யார் விளக்குவது? மரபணு, வெள்ளணு என்ற சொற்கள் தமிழில் இருக்கின்றன. தேர்வுத் தாளோடு அவை நின்றுவிடுகின்றன. சொற்போர் மேடையில் தமிழின் அறிவியல் வளத்தை முழங்கும் நாம், ஒரு நாள் நம் வீட்டுப் பெரியவரோடு மருத்துவமனைக்குச் சென்று, "எண் எவ்வளவு?" என்று கேட்டு, அதைத் தமிழில் அவருக்குச் சொல்வோமே! மொழிப்பற்றுக்கு அதைவிட நல்ல சான்று வேண்டுமா?