வெள்ளம் வடிந்த பிறகு கேட்கும் சத்தம்: மாவிலாற்றிலிருந்து சீகிரியா வரை ஒரு பழைய கெப்

கந்தளாயிலிருந்தே ஒரு மெல்லிய ஊளை பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. ஹபரணையைத் தாண்டியதும் அது உறுமலானது. மச்சான் வேகத்தைக் குறைத்தார், சத்தமும் குறைந்தது. கூட்டினார், அதுவும் கூடியது. "டிபரன்சல்தான். அண்டைக்குச் சொன்னவன் சரியாத்தான் சொல்லியிருக்கிறான்" என்றார். அதன் பிறகு இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஈச்சிலம்பற்றிலிருந்து அதிகாலை மூன்று மணிக்கு வெளிக்கிட்டு, அல்லை – கந்தளாய் வீதியால் ஏறி, தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். மரக்கறி ஏற்றிவந்து நான்கைந்து ஊர்க் கடைகளுக்குக் கொடுப்பதுதான் மச்சானின் தொழில். வாகனம் 1990களில் வந்த ஒரு டீசல் ஹைலக்ஸ். இரண்டு கிழமைக்கு முன் ஒரு நகரத்துக் கராஜில் காட்டியபோது, ஒருவர் கெப்பைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "டிபரன்சல் போச்சு, முழுசா மாத்த வேணும்" என்று சொல்லி ஒரு விலையும் சொன்னார். அது மச்சானின் ஆறு மாத இலாபம். அக்காவின் நகையை வைப்பதா, கெப்பின் புத்தகத்தை லீசிங் கொம்பனியில் வைப்பதா என்ற கதை அன்றிரவே வீட்டில் தொடங்கிவிட்டது.

இந்தக் கட்டுரை ஒரு கெப்பைப் பற்றியதுதான். ஆனால் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், கடந்த நவம்பர் வெள்ளத்துக்கும், ஐந்து வருட வாகன இறக்குமதித் தடைக்கும், எங்கள் ஊரின் பழைய கதைக்கும் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

இனாமலுவைச் சந்தியில் வலப்பக்கம் வண்டியை ஒதுக்கினோம். தேநீர்க் கடைக்காரர் சீகிரியா வீதியைக் கையால் காட்டி, கொஞ்சத் தூரத்தில் சபாரி ஜீப் திருத்தும் ஒரு பாஸ் இருக்கிறார் என்றார். சீகிரியாவை நாங்கள் பாடப் புத்தகத்தில் காசியப்பனின் கற்கோட்டையாகப் படித்தோம். யுத்த காலத்தில் அது விமானப் படை முகாம் இருக்கும் இடம், அவ்வளவுதான். 2015 இல் கிழக்கிலிருந்து சுற்றுலா வந்த ஓர் இளம்பெண் அங்குள்ள கண்ணாடிச் சுவரில் தன் பெயரைக் கீறியதற்காக 2 ஆண்டு சிறைத்தண்டனை பெற்று, பிறகு ஜனாதிபதியின் மன்னிப்பில் வெளியே வந்ததும் எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறந்துபோகவில்லை. அந்த வீதியில் ஒரு நல்ல மெக்கானிக் இருப்பார் என்று எனக்குத் தோன்றியிருக்காது. யோசித்தால் இருக்கத்தான் வேண்டும். மின்னேரியா, கவுடுல்ல, ஹுருலு காடுகளுக்கு யானை பார்க்கப் போகும் ஜீப்புகளும் கெப்புகளும் இந்தப் பகுதியில்தான் நிற்கின்றன. அவை தினமும் சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கி ஏறுகின்றன. பின் அக்சிலின் நோய்களை இவர்களைவிட அதிகம் கண்டவர்கள் குறைவு.

பாஸுக்கு அறுபது வயதிருக்கும். சிங்களம் மட்டும்தான். மச்சானுக்குச் சந்தைச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, ஆகவே கதை ஓடியது. அவர் வாகனத்தைத் தொடவில்லை. முதலில் கேள்விகளையே கேட்டார். அக்சிலேட்டரை அமத்தும்போது மட்டும் வருகிறதா? காலை எடுத்தால் மாறுகிறதா? வளையும்போது வருகிறதா? முன்னுக்கும் பின்னுக்கும் கியர் மாற்றும்போது 'டக்' என்று அடிக்கிறதா? கடைசியாக, "தண்ணிக்குள்ள நிண்டதா?"

மச்சான் என்னைப் பார்த்தார். இரண்டு கிழமைக்கு முன் அந்தக் கராஜில் யாரும் கேட்காத கேள்வி அது.

நின்றது. கடந்த நவம்பர் 28 இல் தித்வா சூறாவளி நாட்டுக்குள் நுழைந்தது. மகாவலி பெருகி, மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து, மூதூர், சேருவில, வெருகல் பக்கமெல்லாம் தண்ணீர் ஏறியது. ஆட்களைக் காப்பாற்றும் அவசரத்தில் வாகனத்தை யார் நினைப்பது? மூன்று நாட்கள் கெப் சில்லுகள் மூடத் தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு இயந்திர ஒயிலை மாற்றினோம், வடிகட்டிகளை மாற்றினோம், ஸ்டார்ட் பண்ணினோம், ஓடியது. கடவுளே என்று தொழிலைத் தொடங்கினோம். பின் அக்சிலை யாரும் திறக்கவில்லை.

மாவிலாறு என்ற பெயரைக் கேட்டதும் வாசகர்களுக்கு 2006 ஜூலைதான் நினைவு வரும். அந்த மதகை மூடியதில் தொடங்கிய சண்டைதான் எங்களை வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் துரத்தியது. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அதே ஆற்றின் பெயரில் மறுபடியும் ஓடினோம். இந்த முறை தண்ணீர்.

அக்சில் என்பது நாலு பக்கமும் மூடிய இரும்புப் பெட்டி, அதற்குள் எப்படித் தண்ணீர் போகும் என்று நான் கேட்டேன். பாஸ் அக்சிலின் மேலிருந்த ஒரு சின்ன மூடியைக் காட்டினார். ஓடும்போது உள்ளே ஒயில் சூடாகி காற்று விரியும். அந்தக் காற்று வெளியேற ஒரு மூச்சுத் துவாரம் இருக்கிறது. சூடான அக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, அதே துவாரத்தாலும் தேய்ந்த ஒயில் சீல்களாலும் தண்ணீரை உறிஞ்சும். நாட்கணக்கில் அமிழ்ந்து நின்றால் உறிஞ்சவே தேவையில்லை, மெல்லமெல்லத் தானே புகுந்துவிடும். புகுந்த தண்ணீர் அன்றைக்கே சத்தம் போடாது. பேரிங் உருளைகளில் முதலில் துருப் புள்ளி விழும். அது ஓட ஓடக் குழியாகும். சத்தம் வர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். நிவாரணப் படிவம் நிரப்பும் காலம் அதற்குள் முடிந்துவிடும்.

பிறகு மச்சானை ஓட்டச் சொல்லிவிட்டு, பாஸ் பின்பெட்டியில் ஏறி, தகரத்தில் காதை வைத்துப் படுத்துக்கொண்டார். நான் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். தார் வீதியிலிருந்து கிரவல் பாதைக்கு இறக்கச் சொன்னார். ரயர் சத்தமாக இருந்தால் நிலம் மாறும்போது சத்தத்தின் குணமும் மாறும். மாறவில்லை. ஐம்பதில் போகும்போது நியூட்ரலில் போட்டு உருளவிடச் சொன்னார். இதுதான் முக்கியமான சோதனை. டிபரன்சலுக்குள் இருக்கும் பெரிய பல்லுச் சில்லும் பினியனும் தேய்ந்திருந்தால், இயந்திரம் இழுக்கும்போது ஒரு சத்தமும், காலை எடுத்ததும் வேறொரு சத்தமும் வரும். பாரம் பல்லின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறுவதால் அப்படி. எங்கள் கெப்பில் இழுத்தாலும் உருண்டாலும் வேகம் ஒன்றாக இருக்கும்வரை உறுமலும் ஒன்றாகவே இருந்தது. அடுத்து, வீதி வெறிச்சென்று இருந்த இடத்தில் ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசைக்கச் சொன்னார். வலப்பக்கம் திருப்பும்போது உறுமல் கூடியது, இடப்பக்கம் திருப்பும்போது அடங்கியது. வலப்பக்கம் திரும்பினால் வண்டியின் பாரம் இடது சில்லில் சாயும். பாஸ் தகரத்தில் இரண்டு தரம் தட்டினார். "வம் பெத்த" என்றார். இடது பக்கம்.

வளையும்போது மட்டும் சத்தம் வந்தால் அது வேறு கதையாம். டிபரன்சலின் நடுவில் இருக்கும் சின்னக் கியர்கள் நேர் வீதியில் தமக்குள் சுற்றுவதில்லை, இரண்டு சில்லும் வேறுவேறு வேகத்தில் ஓடும் வளைவில்தான் அவற்றுக்கு வேலை. புறப்படும்போதும் றிவேர்ஸ் போடும்போதும் 'டக்' என்று அடித்தால் முதலில் பார்க்க வேண்டியது நீட்டுச் சாஃப்டின் குரொஸ். அது டிபரன்சலோடு ஒப்பிட்டால் சல்லிக்காசு. ஆனால் அந்த 'டக்' சத்தத்துக்கும் டிபரன்சலை மாற்றிவிட்டவர்களை அவர் கண்டிருக்கிறாராம். நானும் கண்டிருக்கிறேன்.

கராஜுக்குத் திரும்பியதும் முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜக்கில் தூக்கி, கீழே இரும்புத் தாங்கி வைத்தார்கள். வெறும் ஜக்கை நம்பி அடியில் போகக்கூடாது என்பதை அவர் தன் பையனுக்குச் சொன்ன விதத்தில் ஏதோ ஒரு பழைய விபத்து இருந்தது. கையால் இடது சில்லைச் சுற்றிக்கொண்டு, பிறேக் தட்டின் பின்புறத்தில் மற்றக் கையை வைத்துப் பார்த்தார். என் கையையும் வைக்கச் சொன்னார். மணலை அரைப்பது போல விரலில் தெரிந்தது. வலது பக்கத்தில் அது இல்லை. சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் இடது பக்கத்தில் ஆட்டமும் இருந்தது.

எங்கள் ரகக் கெப்பில் ஒவ்வொரு பின்சில்லின் பாரத்தையும் தாங்குவது அக்சில் சாஃப்டில் இறுக்கி ஏற்றிய ஒரே ஒரு பேரிங். அந்தப் பேரிங்கும் அதைப் பிடித்திருக்கும் வளையமும் விட்டால் சாஃப்டும் சில்லும் சேர்ந்து வெளியே வரும். ஒரு தொன் மரக்கறியோடு ஹபரணைக் காட்டு வீதியில் அது நடந்தால் என்ன என்பதை நான் எழுதத் தேவையில்லை. ஆகவே "சத்தம்தானே, ஓடட்டும்" என்று விடக்கூடிய சத்தம் இதுவல்ல.

கடைசியாக ஒயில். வடிக்கும் தக்கையைத் தொடுவதற்கு முதல், ஒயில் விடும் மேல் தக்கையைக் கழற்றினார். காரணம் எளிது. கீழே வடித்துவிட்ட பிறகு மேல் தக்கை துருப்பிடித்துக் கழறாவிட்டால் வண்டி அங்கேயே கிடக்கும். கீழே வந்த ஒயில் பால் தேத்தண்ணி நிறம். தண்ணீர் கலந்ததற்கு வேறு சாட்சி வேண்டாம். தக்கையின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது. அதை விரலில் தேய்த்துக் காட்டினார். இப்படி மாவாக இருந்தால் வழக்கமான தேய்மானம், சிலும்பும் துண்டும் இருந்தால்தான் பல்லோ பேரிங்கோ உடைகிறது என்று பயப்பட வேண்டும். எங்களுடையது மா.

பிற்பகலுக்குள் வேலை முடிந்தது. தம்புள்ளையிலிருந்து ஒரு பேரிங்கும், அதைப் பிடிக்கும் வளையமும், இரண்டு பக்கத்து ஒயில் சீலும் வந்தன. பழைய வளையத்தைத் திரும்பப் போடக்கூடாது என்பதில் பாஸ் பிடிவாதமாக இருந்தார். அக்சிலுக்கு மலிவான ஒயிலை விட்டுக் கொஞ்சம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு, பிறகு சரியான 80டபிள்யூ-90 ஜிஎல்-5 ஒயிலை விட்டார். முழுச் செலவும் டிபரன்சலுக்குச் சொன்ன விலையில் பத்தில் ஒன்றுக்கு வரவில்லை. பினியனில் ஒரு சின்ன விசில் இன்னும் இருக்கிறது. அதை அவர் மறைக்கவில்லை. ஆயிரம் கிலோமீற்றரில் ஒயிலைத் திறந்து பார்க்கச் சொன்னார். துண்டு வந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் பெரிய பல்லுச் சில்லையும் பினியனையும் சோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்றைப் புதிதாகவும் ஒன்றைப் பழையதாகவும் போட்டால் சத்தம் இரட்டிக்கும். மரத்தூளைப் போட்டுச் சத்தத்தை அடக்கி வாகனத்தை விற்கும் பழைய தந்திரத்தைப் பற்றியும் சொல்லிச் சிரித்தார்.

ஒரு பேரிங்குக்குப் போகவிருந்த இடத்தில் ஒரு குடும்பத்தின் நகை ஏன் போகப் பார்த்தது? அந்த நகரத்துக் கராஜ்காரர் ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட்டு முடிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோய் பார்க்க நேரம் வேண்டும், கை பழகிய ஆட்கள் வேண்டும். 2022 முதல் ஆண்டுதோறும் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் வெளிநாட்டு வேலைக்குப் பதிவு செய்து போயிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கராஜ்களில் வேலை பழகிய பொடியன்கள் பலர் இப்போது கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். மிஞ்சியவர்களுக்கு முழுப் பாகத்தையும் கழற்றி வேறொன்றைப் பூட்டுவது சுலபம்.

அடுத்தது வாகனத்தின் வயது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது திறக்கப்பட்டது 2025 பெப்ரவரி 1 இல். இடையில் 2022 இல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ஐத் தொட்டு, பிறகு 300 அளவில் வந்து நின்றது. டொலரில் அதே விலையுள்ள பேரிங் ரூபாவில் ஒன்றரை மடங்கு. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரியும் 18 வீதம். தடை நீங்கிவிட்டது என்பது செய்தி. ஆனால் வரிகளோடு சேர்த்து ஒரு புதிய கெப்பின் விலையைக் கேட்டால், தடை இருந்த காலத்துக்கும் இப்போதைக்கும் மச்சானுக்கு வித்தியாசம் தெரியாது. அவருக்கு இந்த முப்பது வருட ஹைலக்ஸ்தான். ஈச்சிலம்பற்றில் இரவில் பிள்ளைப்பேற்று வலி வந்தாலும் அதுதான்.

எங்கள் அப்பாக்களின் காலத்தில் உதிரிப்பாகம் தடைசெய்யப்பட்ட பொருள். 1990 இலிருந்து வந்த பொருளாதாரத் தடையில் பற்றரி, எரிபொருள், சீமெந்தோடு வாகன உதிரிப்பாகமும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மாற்றுவதற்குப் பாகம் இல்லாததால் நோயைச் சரியாகப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. அந்தக் காலத்தைப் புகழ நான் வரவில்லை. அப்படிப் பார்க்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருந்தார்கள், அவர்களிடம் யாரும் பழகிக்கொள்ளவில்லை என்பதுதான் என் கவலை.

நிவாரணமும் அப்படித்தான். தித்வாவுக்குப் பிறகு வீடு துப்புரவாக்க 25,000 ரூபா, வீடு கட்ட, வயலுக்கு, சிறு வியாபாரத்துக்கு என்று அறிவித்தார்கள். நல்லது. ஆனால் கணக்கெடுத்தவர் வந்த நாளில் கெப் ஓடிக்கொண்டிருந்தது, ஓடும் வாகனத்தைச் சேதம் என்று யாரும் எழுதுவதில்லை. பழைய வாகனங்களுக்கு இருப்பது பெரும்பாலும் மூன்றாந்தரப்புக் காப்புறுதி. அது நீங்கள் இடித்தவருக்குப் பணம் கொடுக்கும், உங்கள் அக்சிலுக்குள் போன தண்ணீருக்குக் கொடுக்காது. ரக்ரர், லான்ட்மாஸ்டர், பட்டா எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். அவற்றுக்கும் கியர்ப் பெட்டி இருக்கிறது, அவற்றுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கிறது.

கமநல சேவை நிலையங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. தொழிற்பயிற்சி அதிகாரசபையில் மோட்டார் மெக்கானிசம் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். வெள்ளத்தில் நின்ற வாகனங்களை ஒருநாள் வரிசையில் விட்டு, மேல் தக்கையைக் கழற்றி ஒயிலின் நிறத்தைப் பார்ப்பதற்கு ஒரு சாவியும் ஒரு சின்ன வாளியும் போதும். வெருகல், மூதூர், சேருவில பிரதேச செயலகங்கள் இதை வெள்ளத்துக்கு அடுத்த கிழமையே செய்திருக்கலாம். இப்போதும் செய்யலாம். பால் நிறத்தில் ஒயில் உள்ள வாகனம் இன்னும் எத்தனை ஓடுகிறது என்று யாரிடமும் கணக்கில்லை.

வெளிக்கிடும்போது பாஸ் மச்சானிடம், ஊரில் வேறு யாருடைய வாகனம் தண்ணிக்குள் நின்றது என்று கேட்டார். மச்சான் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, இரண்டு கையும் முடிந்ததும் நிறுத்தினார். அன்று தம்புள்ளையில் லீக்ஸ் ஏற்றும்போது இருட்டிவிட்டது. யானைக்குப் பயந்து, விடியும்வரை சந்தையிலேயே கெப்புக்குள் படுத்தோம்.