குழாயின் மேல் எழுதிய எண்

சென்ற வாரம் பௌதிகவியற் பாடம் முடிந்து வகுப்பை விட்டு வெளியேறும் வேளையில் மாணாக்கன் ஒருவன் எம்மை மறித்துக்கொண்டான். அவர்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கி 20 அடி உயரத்தில் நிற்கின்றதாம். நாம் கற்பித்த கணக்கின்படி கீழ்க்குழாயில் அமுக்கம் 0.6 பாருக்கு மேற் செல்லாது. அவ்வாறிருக்க, 10 பார் தாங்கும் குழாயே வேண்டுமென்று தந்தையார் பிடிவாதமாய் நிற்பது காசை வீணாக்குவதாகாதோ என்பது அவன் வினா.

கணக்கிற் பிழையில்லை. 10 மீற்றர் உயர நீர்நிரல் ஏறத்தாழ 1 பார் அமுக்கத்தைத் தரும். 20 அடிக்கு அவன் சொன்னதே விடை. ஆயினும், எங்கள் மாணாக்கர் கணக்கைச் சரியாகச் செய்துவிட்டுக் குழாயை மறந்துவிடுகின்றனர்.

பீ. வீ. சீ. குழாயின் மேல் ‘பீ. என். 10’ என்று அச்சிட்டிருந்தால், 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், 10 பார் அமுக்கத்தை, இடைவிடாது 50 ஆண்டு தாங்கத் தக்கதாக அக்குழாய் கணிக்கப்பட்டுள்ளது என்பது பொருள். இவற்றுள் ஆண்டுக் கணக்கே பலர் கவனியாதது. பிளாஸ்ரிக்கு இரும்பைப் போன்றதன்று. ஓயாத பாரத்தின் கீழ் அது கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல மெல்ல இழுபட்டுக்கொண்டே இருக்கும். புதுக்குழாயொன்றை உடனே சோதித்தால், அதன் பொருள் 45 மெகாபஸ்கால் அளவிலான தகைப்பைத் தாங்கக் காணலாம். 50 ஆண்டுக்கென்று கணிக்கும்போதோ 25 மெகாபஸ்காலே கொள்ளப்படுகின்றது. அதனையும் பாதுகாப்பின் பொருட்டு மேலும் குறைத்தே எண்ணை இடுகின்றனர். “இன்று பூட்டினேன், கசியவில்லை” என்று மேசன் சொல்லும் சான்று ஒரு நாளுக்கான சான்றேயாகும்.

அன்றியும், அந்த 0.6 பார் ஓய்ந்து நிற்கும் நீரின் அமுக்கம். ஓடும் நீரைத் திடீரெனத் தடுத்தால் நேர்வதோ வேறு. மொஸ்கோ நகர நீர்க்குழாய்களில் இதனை ஆராய்ந்து சுக்கோவ்ஸ்கி என்னும் ருசிய அறிஞர் 1898 இல் விதியொன்றை வெளியிட்டார். விநாடிக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடும் நீர் சடுதியாக நின்றால், இரும்புக் குழாயில் 12 பார் அளவிலும், நெகிழ்வுடைய பீ. வீ. சீ. குழாயில் 4 பார் அளவிலும் அமுக்கம் எழும். கிணற்றிலிருந்து தாங்கிக்கு நீரேற்றுகையில் மின்சாரம் நின்றுவிட்டால், ஏறிய நீர் திரும்பி வந்து அடிவால்வை அறையும் ஓசையைக் கேளாத வீடு எம்மூரில் இல்லை. அந்த அறையைத் தாங்குவது குழாயே. ஆகவே மாணாக்கனின் தந்தையாரை நாம் குறை கூறோம்.

இனி வெப்பத்துக்கு வருவோம். இதனைச் சொல்லுகையில் எமக்கு மனம் சுடுகின்றது. எம் தமக்கையார் தம் மகன் அனுப்பிய பணத்திற் குளியலறையைத் திருத்தி, கூரையிற் சூரிய வெப்பமாக்கி ஒன்றும் பூட்டுவித்தார். வேலை செய்தவர், குழாயெல்லாம் ஒன்றுதான் என்று சொல்லி, வெந்நீருக்கும் தண்ணீர்க் குழாயையே சுவருக்குள் இட்டு மூடிவிட்டார். நாமும் அன்று அங்கிருந்தோம், பட்டதாரி என்று பெயர், பேசாதிருந்தோம். ஆறு மாதத்திற் சுவர் ஊறிற்று. பளிங்கோடுகளை உடைத்துப் பார்த்தபோது குழாய் தொய்ந்து, மூட்டு வழுகியிருந்தது. தமக்கையார் கண் சத்திரசிகிச்சைக்கென ஒதுக்கியிருந்த பணம் அந்தச் சுவருக்குப் போயிற்று.

60 பாகையில் பீ. வீ. சீ. குழாயின் வலு ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். அதற்கு மேல் அதனைப் பயன்படுத்தலே தகாது. சூரிய வெப்பமாக்கியின் நீரோ அந்த எல்லையை எளிதிற் கடக்கும். வெந்நீருக்கென்று குளோரின் கூட்டிய சீ. பீ. வீ. சீ. குழாய் உண்டு, 80 பாகையிலும் அது பயன்படும். சூட்டினால் உருக்கி ஒட்டும் பீ. பீ. ஆர். குழாயும் உண்டு. சீ. பீ. வீ. சீ. குழாய்க்கு அதற்குரிய பசையையே பூசுதல் வேண்டும். வீட்டிலுள்ள பழைய பசைப்பேணி உதவாது.

கழிவுநீர்க் குழாயும் பீ. வீ. சீ. தான், ஆனால் மெல்லிய சுவருடையது, அமுக்கத்துக்கென ஆனதன்று. விலை குறைவென்று அதனை வாங்கிப் பம்பிற் பூட்டுவாரும் உளர். விட்டம் பெருக்கப் பெருக்கச் சுவரும் தடித்தால்தான் அதே அமுக்கத்தைத் தாங்கும். எனவே, கையால் அமுக்கிப் பார்த்து மதிப்பிடாமல் எழுத்தை வாசிக்க வேண்டும். குடிநீர்க் குழாயாயின் எஸ். எல். எஸ். 147 என்ற இலங்கைத் தரக்குறியையும் தேடுக. வெயிலிற் கிடக்கும் குழாய் காலப்போக்கில் வெளிறி நொறுங்கும் தன்மை அடையும். மண்ணிற் புதைக்கலாம், அல்லது நீரிற் கரையும் வெளிர்நிறப் பூச்சைப் பூசலாம்.

இவ்வளவையும் கேட்ட மாணாக்கன் மறுநாள் வீட்டிலிருந்து ஒரு முழக் குழாய்த் துண்டைக் கொண்டுவந்து எம் மேசைமேல் வைத்தான். எழுத்து இருந்த இடம் பாதியில் வெட்டுப்பட்டு, ‘பீ. என்.’ மட்டும் எஞ்சியிருந்தது. மற்றத் துண்டைத் தேடி எடுத்து வரும்படி அனுப்பியிருக்கின்றோம்.