சத்தம் போதலையா? முதலில் ரப்பர் முனையைப் பாருங்கள்!

“பதினஞ்சு வெள்ளி கொடுத்து வாங்கின இயர்போன், தகர டப்பாவுக்குள்ள கல்லைப் போட்டு ஆட்டுற மாதிரி கத்துது. மேளச் சத்தமே இல்ல!”

பாசார் மாலாமில் இயர்போன் வாங்கி வரும் நம் பிள்ளைகள் அடிக்கடி சொல்லும் குறை இது. உடனே என்ன செய்கிறார்கள்? கைப்பேசியில் சத்தத்தைக் கடைசிக் கோடு வரைக்கும் ஏற்றிவிடுகிறார்கள். பெற்றோரோ, “அந்தச் சனியனைத் தூக்கி எறி, காது போயிடும்” என்று ஏசுகிறார்கள். இரண்டு தரப்பாரும் பார்க்காத இடம் ஒன்று உண்டு. இயர்போனின் நுனியில் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் முனைதான் அது. விலை மலிவான இயர்போனைக் குறை சொல்லுமுன், அந்த முனை நம் காதுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

நம் காதுத் துவாரம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளம். நேர்க்குழாய் அல்ல, வளைந்து போகிறது. அதன் கோடியில் செவிப்பறை இருக்கிறது. இயர்போனுக்குள் இருக்கும் ஒலிபெருக்கியோ சட்டைப் பொத்தான் அளவுதான். அவ்வளவு சின்னது எப்படி உறுமி மேளத்தின் ஆழ்ந்த ஓசையைக் கொடுக்கிறது? துவாரத்தை அடைத்துக்கொண்டு, உள்ளே சிக்கிய கொஞ்சக் காற்றை மட்டும் அது அழுத்தி இழுப்பதால்தான். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் இறுக்கமாகப் பிடித்திருந்தால் நாலு தள்ளில் டயர் ஏறும். வாசர் தேய்ந்துபோனால் மூச்சு வாங்க அடித்தாலும் காற்றெல்லாம் புஸ்ஸென்று வெளியே போகும். காதிலும் அதே கதைதான். ரப்பர் முனைக்கும் தோலுக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தால் போதும், தடித்த ஓசை அந்த வழியாக ஒழுகிவிடும். கீச்சு ஓசை அப்படி ஒழுகாது. நேரே செவிப்பறைக்குப் போய்விடும். அதனால்தான் தவிலும் உறுமியும் காணாமல் போய், தாளமும் ‘ஸ்’ சத்தமும் மட்டும் காதைக் குத்துகின்றன.

(பால்மரம் சீவிய நம் மக்களுக்கு ரப்பரைப் பற்றி நான் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆனாலும் ஒன்று: நாம் ரப்பர் என்று சொல்லும் அந்த முனை பெரும்பாலும் சிலிக்கோன், மரத்துப் பால் இல்லை.)

பெட்டியைப் பிரித்தால் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி முனைகள் இருக்கும். நடுத்தர ஜோடி முன்னமே மாட்டியிருக்கும். மற்ற இரண்டும் பெட்டியோடு குப்பைக்குப் போய்விடுகின்றன. இதுதான் பெரிய வீண். செருப்பு வாங்கும்போது காலை வைத்துப் பார்க்காமல் வாங்குவோமா? காது மட்டும் எல்லாருக்கும் ஒரே அளவா? ஒரே ஆளுக்கே வலது காதும் இடது காதும் வேறு வேறு அளவில் இருக்கலாம். வலதில் நடுத்தரமும் இடதில் சின்னதும் மாட்டுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சரியாகப் பொருந்தியதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மேளம் நன்றாக ஒலிக்கும் பாட்டு ஒன்றை மெல்லிய சத்தத்தில் வையுங்கள். ஒரு கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், எதிர்ப்பக்கக் காது மடலை மேலேயும் பின்னேயுமாக இழுத்துக்கொண்டு, மறு கையால் முனையை மெதுவாக உள்ளே வையுங்கள். மடலை இழுக்கும்போது வளைந்த துவாரம் கொஞ்சம் நேராகிறது. பிறகு இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் மேளம் ‘திம்’மென்று எழுந்து, விட்டதும் மறைந்தால் முனை பொருந்தவில்லை, அடுத்த அளவை மாட்டுங்கள். இன்னொரு அடையாளம்: வாயைத் திறந்து பேசினால் உங்கள் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் உங்களுக்கே கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் துவாரம் அடைபட்டிருக்கிறது. அரை மணி நேரத்தில் வலித்தால் முனை பெரியது. தாடையை அசைத்ததும் கழன்று விழுந்தால் சின்னது. வலித்தாலும் பரவாயில்லை என்று திணிப்பது கூடாது.

பொருந்தியதும் சத்தத்தைக் குறைக்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காது நன்றாக அடைபட்டால் மேளமும் கூடுகிறது, வெளி இரைச்சலும் குறைகிறது. ஆகவே முன்பு வைத்த அளவு இப்போது தேவைக்கு மேலே. பொருந்தாத முனையோடு மேளத்தைத் தேடிச் சத்தத்தை ஏற்றுகிறவனுக்கோ, மேளம் வருவதில்லை. கீச்சு ஓசைதான் மேலும் மேலும் ஏறிச் செவியைத் தாக்குகிறது.

கணக்கு இப்படி: 85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரம் கேட்பதும், 88 டெசிபலை 4 மணி நேரம் கேட்பதும், 94 டெசிபலை 1 மணி நேரம் கேட்பதும் காதுக்கு ஒரே சுமை. மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் வகுத்த அளவில், பாட்டுக் கேட்கப் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல். சிறுவர்களுக்கு 75 தான். சத்தத்தால் கெட்ட காது ஒரே நாளில் செவிடாவதில்லை. முதலில் போவது உயர்ந்த ஓசைகள். ‘ச’, ‘ஸ’, ‘ப’ எல்லாம் மங்கும். “நீ பேசறது கேக்குது, ஆனா என்ன சொல்றேன்னு விளங்கல” என்பார்கள். ராத்திரியில் படுத்தால் காதுக்குள் வண்டு ரீங்கரிக்கும். உள்காதில் செத்துப்போன நரம்புமயிர்கள் திரும்ப முளைப்பதில்லை. டிரசரிடம் போனாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதற்கு மருந்து இல்லை.

சுத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில், வியர்த்த காதில் ஈர முனையை நாள் முழுதும் சொருகி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அரிப்பும் சீழும் வரும். முனையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். அண்ணனுடையதைத் தம்பி மாட்டக் கூடாது. அழுக்கு சேர்ந்து வலைத்துளை அடைந்தாலும் சத்தம் மங்கும். அதற்காக ஊக்கு, கோழி இறகு, பஞ்சுக் குச்சி கொண்டு காதைக் குடையாதீர்கள். அழுக்கு இன்னும் உள்ளே போகும். அடைப்பு இருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள்.

இனி வேலைத்தலத்துக்கு வருவோம். செம்பனை ஆலையில் கொடுக்கிறார்களே, விரலால் உருட்டிச் செருகும் பஞ்சு போன்ற காதடைப்பான், அதுவும் இதே விதிக்குக் கட்டுப்பட்டது. இடைவெளி இருந்தால் இயர்போனில் மேளம் வெளியே ஒழுகுகிறது; காதடைப்பானில் எஞ்சின் ரூம் இரைச்சல் உள்ளே ஒழுகுகிறது. பெட்டிமேல் 29 அல்லது 33 டெசிபல் குறைக்கும் என்று அச்சடித்திருக்கும். அது சோதனைச்சாலையில், பழகிய ஆள் மாட்டிவிட்டு அளந்த கணக்கு. உருட்டிச் செருகும் வகைக்கு அந்த எண்ணில் பாதியை மட்டும் நம்புங்கள் என்று அமெரிக்காவின் தொழில் சுகாதார நிலையமான நியோஷ் 1998-லேயே சொல்லிவிட்டது. எண்ணெய்க் கையோடு நுனியில் ஒட்டவைத்துக்கொண்டு போனால் அந்தப் பாதியும் கிடைக்காது. கையைக் கழுவி, மெல்லிசாக உருட்டி, மடலை இழுத்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிஷம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திப் பாருங்கள். இரைச்சல் மேலும் நன்றாகக் குறைந்தால் அடைப்பான் சரியாக உட்காரவில்லை.

இதை ஆலையில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? பாக்கெட்டை நீட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குவதுதான் பல இடங்களில் ‘பயிற்சி’. 1989-ல் வந்த பழைய இரைச்சல் விதிகள் தொழிற்சாலைகளுக்கு மட்டும். அதில் வரம்பு 90 டெசிபல். 2019 ஜூன் 1 முதல் அமுலில் உள்ள விதிகளில் எட்டு மணி நேர வரம்பு 85. வயலில் புல்வெட்டும் மெஷின் தூக்குகிறவருக்கும் அது பொருந்தும். காதடைப்பான் கொடுப்பதும், மாட்டச் சொல்லிக் கொடுப்பதும், கேட்கும் திறனைப் பரிசோதிப்பதும் முதலாளியின் கடமை. அதற்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. இரைச்சலால் கெட்ட காது சொக்சோவில் தொழில் நோயாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இயர்போனையே காதடைப்பானாக மாட்டிக்கொண்டு புல் வெட்டும் தம்பிமாரே, அது வேண்டாம். அது இரைச்சலோடு போட்டிபோட்டுப் பாட்டை ஏற்றவைக்கும். விழுகிற மட்டையும் பின்னால் வருகிற டிரெக்டரும் உங்களுக்குக் கேட்காது. மோட்டார் சைக்கிளிலும் அப்படியே. பாட்டு வீட்டுக்கு வந்த பிறகு இருக்கட்டும்.

ஒரே அளவு அடைப்பானை எல்லாருக்கும் கொடுக்கும் ஆலைகளில் கிளைச் செயலாளர்கள் இதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும்: குறைந்தது இரண்டு மூன்று அளவு, மாட்டிக் காட்ட ஓர் ஆள், போன பரிசோதனையின் முடிவு ஒவ்வொருவர் கையிலும். சிறு காதுள்ள பெண் தொழிலாளர்கள் “இது எனக்கு நிக்கவே மாட்டேங்குது” என்று சொன்னால், அவர்களிடம் குறை காணாமல் சிறிய அளவு கேட்டு வாங்கிக் கொடுங்கள்.