ஜேடர்பாளையத்துக்கு ஒரு சமரசக் குழு



2023 மார்ச்சில் நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையம் அருகே இளம்பெண் ஒருவர் கொலையானார். அதைத் தொடர்ந்த மாதங்களில் மூண்ட பகையில் வெல்ல ஆலைக் கொட்டகைகள் எரிந்தன. அங்கே படுத்திருந்த வட மாநிலத் தொழிலாளர்கள் தீயில் கருகினார்கள். இரவோடு இரவாகப் பாக்கு மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. பிழைக்க வந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? போலீஸ் காவலால் தீவைப்பைத் தடுக்கலாம். முகம் பார்த்துப் பேசாமல் போன ஊரைப் பேசவைக்க முடியாது.

கொலையும் தீவைப்பும் நீதிமன்றத்துக்கு உரியவை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஊர் அமைதியைக் குலைக்கும் பகையைத் தீர்க்க, இரு தரப்பும் இசைந்தால் மூவர் குழு அமைக்க 2023ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டத்தின் 43, 44ஆம் பிரிவுகள் வகை செய்கின்றன. வழக்கறிஞரோடு பள்ளித் தலைமையாசிரியர், மனநல ஆலோசகர், தொழிலாளர் துறை அலுவலர், ஒடியாவும் இந்தியும் தெரிந்த ஒருவர் ஆகியோரும் அக்குழுவுக்குத் துணை நிற்கட்டும். இது இன்னொரு கட்டப் பஞ்சாயத்தாகிவிடக் கூடாது. மகளை இழந்த குடும்பமும், மரத்தை இழந்த விவசாயியும், ஆலைக் கூலியும் சமமாக உட்கார்ந்து பேச வேண்டும்.

மாவட்ட ஆட்சியரும் நாமக்கல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் ஜேடர்பாளையம் அடங்கிய பரமத்தி வேலூர் வட்டத்திலேயே இந்தச் சமரசக் குழுவைத் தொடங்க வேண்டுகிறேன்.

வாசகர், பரமத்தி வேலூர்