தங்கைக்கு சஸ்டெய்னபிலிட்டி பிடிச்சிருக்கு... 30 லட்சம் கடனுக்குக் கையெழுத்துப் போடலாமா?

வேலைக்குப் போய் நாலஞ்சு வருஷம் ஆன பலர் வீட்டில் இப்போது இது நடக்கிறது. பி.காம் கடைசி வருடம் படிக்கும் தங்கை, போன வருடம் வரை பேங்க் எக்ஸாம் பற்றிப் பேசினாள். இப்போது கார்பன், இஎஸ்ஜி, நெட் ஜீரோ என்கிறாள். அடுத்து கேள்வி வரும்: "வெளிநாட்டுல ஒரு வருஷ மாஸ்டர்ஸ் இருக்கு. லோனுக்கு நீ கோ-அப்ளிகன்ட்டா கையெழுத்துப் போடுவியா அண்ணா?"

அப்பா "இதெல்லாம் சோறு போடுமா?" என்பார். நடுவில் மாட்டுவது நீங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். ஆர்வத்துக்குச் சரி சொல்லுங்க. கடனுக்கு இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லுங்க.

இது சோறு போடும் துறைதான். செபி 2021-ல் பிஆர்எஸ்ஆர் என்ற அறிக்கை முறையைக் கொண்டுவந்தது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் இருக்கும் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டிலிருந்து இது கட்டாயம். எவ்வளவு மின்சாரம், தண்ணீர், கழிவு என்று எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு காட்ட வேண்டும். ஐரோப்பிய யூனியனுக்கு இரும்பு, அலுமினியம் போனால், அங்கே இறக்குமதி செய்பவர் 2023 அக்டோபரிலிருந்து அதன் கார்பன் கணக்கைக் காட்ட வேண்டியிருக்கு. அவர் அதை இங்கே இருக்கும் தொழிற்சாலையிடம்தான் கேட்பார்.

நம்ம திருப்பூருக்கு இது ரொம்ப முன்னாடியே புரிந்துவிட்டது. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் மறுபடி ஓட்ட முடியும் என்ற நிலை வந்தது. சுற்றுச்சூழல் அன்றைக்கே லாப நஷ்டக் கணக்குக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

அப்புறம் கடன் ஏன் வேண்டாம்? கணக்கைப் பாருங்க.

30 லட்சம், 11% வட்டி. படிப்பு ஒரு வருடம், அதற்குப் பின் ஒரு வருடம் இஎம்ஐ இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு வருடத்தில் சாதாரண வட்டி மட்டுமே 6.6 லட்சம். அதையும் அசலோடு சேர்த்து 10 வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 50,400 ரூபாய். மொத்தம் 60 லட்சத்தைத் தாண்டும்.

அவளுக்கு வேலை கிடைக்கத் தாமதமானால் அந்த 50,400 உங்க சம்பளத்திலிருந்துதான் போகும். தவணை தவறினால் உங்க சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். நாளைக்கு நீங்க வீட்டுக்கடன் கேட்டால், இந்தக் கடனையும் கழித்துவிட்டுத்தான் பேங்க் பார்க்கும்.

"வரியில கழிச்சுக்கலாமே?" முடியாது. கல்விக்கடன் வட்டிக்கு வரிக் கழிவு உங்களுக்கு, கணவன்/மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, நீங்க சட்டப்படி கார்டியனாக இருக்கும் மாணவருக்கு மட்டும்தான். தம்பி, தங்கை அந்தப் பட்டியலில் இல்லை. நீங்க புது வரி முறையில் இருந்தால் அந்தக் கழிவே கிடையாது.

பணத்தை விடப் பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. இந்தத் துறையில் சம்பளம் அக்கறைக்குக் கிடைப்பதில்லை, அளக்கத் தெரிந்தவருக்குக் கிடைக்கிறது. கணக்கு, இன்ஜினியரிங், சட்டம், டேட்டா என்று ஏதாவது ஒன்று கையில் இருக்கணும். அதன்மேல்தான் சஸ்டெய்னபிலிட்டி உட்காரும். பி.காம் படித்த பெண்ணுக்கு அந்த அடித்தளம் பாதி ஏற்கெனவே இருக்கு.

அதனால் அவளுக்கு ஆறு மாதம் கொடுங்க. செலவு ஏறக்குறைய பூஜ்யம்.

முதலில் வீட்டு கரண்ட் பில்லை எடுக்கச் சொல்லுங்க. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு என்பதை மத்திய மின்சார ஆணையம் வெளியிடுகிறது, சுமார் 0.7 கிலோ. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் என்றால் 280 கிலோ. ஒரு தொழிற்சாலையின் மின்சாரத்துக்குக் கணக்குப் போடுவதும் இதே மாதிரிதான், அளவுதான் பெரிசு.

அடுத்து, ஒரே துறையில் மூன்று நிறுவனங்களின் பிஆர்எஸ்ஆர் அறிக்கைகள். பங்குச் சந்தை இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கும். மூன்று வருட எண்களை எக்செல்லில் போட்டு, எங்கே உதைக்குதுன்னு ரெண்டு பக்கம் எழுதட்டும். அந்த ரெண்டு பக்கத்தோடு ஆடிட் அலுவலகங்களிலும் இஎஸ்ஜி ஆலோசனை நிறுவனங்களிலும் பயிற்சி இடம் தேடட்டும்.

"வயசு போயிடும், இப்பவே போகட்டும்" என்பார்கள். ரெண்டு வருட வேலை அனுபவத்தோடு போனால் அவள் கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கும், எந்தப் படிப்பு வேணும்னும் தெரிந்திருக்கும். முழு ஸ்காலர்ஷிப் கிடைத்தால் மட்டும் கதை வேறு, உடனே அனுப்புங்க.

மூணாவது அறிக்கையில் போர் அடித்துவிட்டால் 60 லட்சம் மிச்சம். ராத்திரி பதினோரு மணிக்கு "அண்ணா, இந்தக் கம்பெனி தண்ணி கணக்கு இடிக்குது பாரு"ன்னு உங்களை எழுப்பினால், ரெண்டு வருடம் கழித்து அவளோடு பேங்குக்குப் போங்க. அப்போது நீங்க போடுவது, கணக்குப் பார்த்துப் போடும் கையெழுத்து.