ஃபோட்டோ ஃபினிஷ்

இங்கே ஜெய்ப்பூரில் ஒரு தேர்தல் முடிவு வந்த மறுநாள். பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த பொண்ணு கேட்டாள்: "அப்பா, ஓட்டு எண்ணிக்கை ஃபோட்டோ ஃபினிஷ்னு போட்டிருக்கு. யாரு ஃபோட்டோ எடுத்தாங்க?"

நியாயமான கேள்விதானே! எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன்.

குதிரைப் பந்தயத்தில் புழங்கும் வார்த்தை இது. இரண்டு குதிரைகள் ஒட்டிக்கொண்டே கோட்டைக் கடந்தால் எது முதல் என்று கண்ணால் சொல்ல முடியாது. கோட்டுக்கு நேராக வைத்த கேமராவின் படத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு. குதிரைக்கு மூக்கு நுனி கணக்கு. மனிதர் ஓட்டத்தில் தலை, கை, கால் எதுவும் செல்லாது, உடம்பு கோட்டைத் தொட வேண்டும். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டம் ஞாபகம் இருக்கிறதா? மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண் 55.41 விநாடி, நம்ம பி.டி.உஷா 55.42. வெண்கலம் போயே போச்சு.

ஆகவே ஆயிரக்கணக்கில் ஓட்டு வித்தியாசம் இருந்தால் அதை இப்படிச் சொல்லக்கூடாது என்பது என் கட்சி. அது வெறும் கண்ணுக்கே தெரியுமே! இதே ராஜஸ்தானில், 2008-ல் நாத்துவாரா தொகுதியில் ஒருவருக்கு 62,216, இன்னொருவருக்கு 62,215. அதுதான் ஃபோட்டோ ஃபினிஷ்.

நிற்க. அவளுடைய அடுத்த கேள்விதான் உதைத்தது. "2021-ல நம்ம ஊர் எலெக்‌ஷன்ல நீங்க ஓட்டு போட்டீங்களா?"

போடவில்லை. அப்போது என் பெயர் தி.நகர் பட்டியலில் இருந்தது. ஏப்ரல் 6 ஓட்டுப்பதிவு. கொரோனா பயம், கிளையில் வருடக் கணக்கு முடித்த கையோடு ஆடிட் வேலை. என் ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன். தி.நகர் முடிவு? 137 ஓட்டு வித்தியாசம்.

யார் ஜெயித்தார் என்பதல்ல என் வருத்தம். என்னைப் போல வெளியூரில் உட்கார்ந்துகொண்டு வராமல் போனவர்கள் அந்தத் தொகுதியில் 137 பேர் இருந்திருக்க மாட்டார்களா? கேஷில் ஒரு ரூபாய் குறைந்தாலும் டேலி ஆகும்வரை வீட்டுக்குக் கிளம்பாத ஆள் நான். இதை மட்டும் எப்படி விட்டேன்?

பிறகு படிவம் 8 கொடுத்துப் பெயரை ஜெய்ப்பூருக்கு மாற்றிக்கொண்டேன். ஊர்ப் பட்டியலிலிருந்து பெயர் போனதில் மனசு கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது. போகவே முடியாத ஊரில் பெயரும், குடியிருக்கும் ஊரில் ஒன்றுமில்லாமலும் இருப்பதற்கு இது தேவலை.

உங்கள் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது? ஒருமுறை பார்த்துவிடுங்களேன்.