தண்ணியில்லாக் காட்டுக்கு ஏத்த தொழில்

அரசாங்க ஊழியர்களை மிரட்ட நம்ம சினிமாவுக்குக் கிடைச்ச வசனம், 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்'. அந்தக் காட்டுக்காரன்தான் நான். அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி போனா எங்க பார்த்தாலும் சீமைக்கருவேலம். குண்டாறுன்னு ஒரு ஆறு உண்டு, பெரும்பாலான நாள் அதுல மணல்தான். 'இந்த ஊருக்கு என்னப்பா தொழில் வரும்?'னு அலுத்துக்காத பெருசுங்களே இங்க கிடையாது.

என் பதில்: பிளாஸ்டிக் வரும். குறிப்பா, இன்ஜெக்சன் மோல்டிங்.

சிரிக்காதீங்க மக்களே, காரணம் இருக்கு. பிளாஸ்டிக் குருணையை ஹாப்பர்ல கொட்டினா, சூடான பேரலுக்குள்ள சுத்துற ஸ்க்ரூ அதை உருக்கி, எஃகு அச்சுக்குள்ள பெரிய அழுத்தத்தோட தள்ளும். உள்ளே ஆறி இறுகினதும் அச்சு திறந்து பொருள் வெளிய விழும். ஆக மொத்த நேரத்துல பெரும்பகுதி ஆறுறதுக்குத்தான் போகும். அதுக்குத் தண்ணி வேணும். ஆனா அந்தத் தண்ணி பொருளைத் தொடுறதே இல்லை. அச்சுல குடைஞ்ச வழியில ஓடி, சில்லருக்குப் போய்க் குளிர்ந்து, அதே தண்ணி திரும்ப வரும். சாயத் தொழிலை இதோட ஒப்பிட்டுப் பாருங்க. நொய்யலை நாசம் பண்ணினதுல, 2011-ல திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியதாப் போச்சு.

இன்னொரு வேடிக்கை, பிளாஸ்டிக்குக்கும் ஈரம் ஆகாது. நைலான், பாலிகார்பனேட் எல்லாம் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கும். பாலிகார்பனேட்டை 120 டிகிரியில மூணு நாலு மணி நேரம் காய வைக்காமப் போட்டா, பொருள் மேல வெள்ளிக் கோடு கோடா விழும், வலுவும் போயிரும். வறண்ட காத்து எங்களுக்கு சாபம் மட்டுமில்லை. பக்கத்து சிவகாசி நூறு வருஷத்துக்கு முன்னாடியே அதைத் தீப்பெட்டித் தொழிலுக்கு முதலாக்கிக் காட்டின ஊரு.

வாங்க ஆள் இருக்கான்னு கேட்டா, எங்க ஊர் நூல் மில்லுக்குள்ள போய்ப் பாருங்க. அங்க சுத்துற பிளாஸ்டிக் பாபின் இந்த மோல்டிங்ல வர்றதுதான். 2019 ஜனவரியில இருந்து தமிழ்நாட்டுல தடை இருக்கேன்னு நீங்க கேட்கலாம். தடை, ஒருதடவை பயன்படுத்தித் தூக்கி எறியற கவர், கப் வகைகளுக்கு. பாபினை யாரும் ஒருதடவை சுத்திட்டு ரோட்டுல வீசுறதில்லை.

அப்ப எதுதான் இல்லை? மரியாதை இல்லை, சம்பளமும் இல்லை.

என்கூட இன்ஜினியரிங் படிச்ச நண்பன் ஒருத்தன் ஓசூர் பக்கம் மோல்டிங் இன்ஜினியரா இருக்கான். நான் தப்பா கோடு எழுதினா கன்ட்ரோல் இசட் போட்டுக்கலாம். அவன் சொல்ற அளவு தப்பாப் போனா லட்சக்கணக்குல செலவு பண்ணின அச்சு காலி. பாலிபுரொப்பிலீன் ஆறும்போது ஒண்ணுல இருந்து ரெண்டரை சதவீதம் வரை சுருங்கும், ஏபிஎஸ் அரை சதவீதம் போல. அதை முன்கூட்டியே கணக்குப் போட்டு அச்சு வெட்டணும். பொருள்ல சின்னக் குழி விழுந்தா, கோளாறு அழுத்தத்துலயா, சூட்டுலயா, ஆற விட்ட நேரத்துலயான்னு ராத்திரி ஷிப்ட்ல உட்கார்ந்து தேடணும். இத்தனைக்கும் என் சம்பளத்துல மூணுல ஒரு பங்குதான் அவனுக்கு. பொண்ணு பார்க்கப் போன இடத்துல 'குடம் செய்ற கம்பெனியா தம்பி?'ன்னு கேட்டாங்களாம். குடம் செய்றது ப்ளோ மோல்டிங், அது வேறன்னு அங்க போய் விளக்க முடியுமா? :-)

படிக்க இடம் இல்லாமலும் இல்லை. 1968-ல சென்னையில ஆரம்பிச்ச சிப்பெட்டுக்கு இப்ப மதுரையிலயும் மையம் இருக்கு. பத்தாவது முடிச்சவங்களுக்கு மூணு வருஷ டிப்ளமாவும் உண்டு. ஆனா படிச்சு வர்ற பையன் வேலைக்கு ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோதான் பஸ் ஏறணும்.

ஊர்ல காசு வச்சிருக்கிறவங்க இன்னொரு கல்யாண மண்டபம் கட்டுறதுக்குப் பதிலா நாலு மெஷினும், அச்சு செய்ய ஒரு டூல் ரூமும் போடலாம். அதை நடத்துற இன்ஜினியருக்கு அவன் வேலைக்குத் தகுந்த சம்பளம் கொடுக்கலாம். மெஷினைக் கடன்ல வாங்கிடலாம். அதை ஓட்டத் தெரிஞ்சவனை அடிமாட்டுச் சம்பளத்துக்குப் பிடிச்சு வைக்க முடியாது.

என் நண்பன் ஊருக்கு வர ரெடியாத்தான் இருக்கான். கூப்பிடத்தான் ஆளைக் காணோம். உங்க ஊர்ல எப்படி?